இருபதாவது பிரசவம்

உள்ளே அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் கதை.

கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

மகப்பேறு மருத்துவ மேற்படிப்புக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம். போட்டிக்கு நாங்கள் இரண்டே பேர். நானும், ஆறு வருஷமாக என் ரூம்மேட்டான நெட்டையும். நெட்டை என்பது அவள் உயரத்துக்கு நான் வைத்த பேர்.

ஏன் இந்தப் பிரிவு என்று இன்டர்வியூவில் பெரிய டாக்டரம்மா எல்லோரிடமும் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குத்தான் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அடிமடியிலேயே கை வைத்துவிட்டாளே, பாவி!

பயிற்சிக் காலத்தின் கடைசி வாரம். பிரசவ வார்டில் மத்தியான நேரம். குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டது, தோள் சிக்கிக்கொண்டது. சீனியர்கள் அத்தனை பேரும் ஆபரேஷன் தியேட்டரில். ஆள் அனுப்பிக் கூட்டி வருவதற்குள் குழந்தை தங்காது. அந்தத் தாயைப் புரட்டி, முட்டி போட்டுக் கையை ஊன்ற வைத்து, உள்ளே விரல் விட்டு, சிக்கிய குழந்தையை வெளியே எடுத்தது. நாலே நிமிஷம். அப்புறம் ஒரு அழுகை. வார்டு மொத்தமும் சிரித்தது.

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அம்மாவிடம், சித்தியிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மாளிடம்கூட. சொல்லும்போதெல்லாம் எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

அதே கதையை இப்போது நெட்டை சொல்கிறாள். அதுவும் எப்படி? ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி. ஒரு கதையை ஒழுங்காகச் சொல்லக்கூடத் தெரியவில்லை மூதேவிக்கு.

ஆமாம், பொறாமைதான். மறைப்பானேன்?

பரீட்சைக்கு முதல் நாள் குறட்டை விட்டுத் தூங்குவாள், முதல் மார்க் வாங்குவாள். நான் விழுந்து விழுந்து படிப்பேன், ஏழாவதோ எட்டாவதோ வருவேன். என்னைப் பார்க்க ஹாஸ்டலுக்கு வந்த என் அம்மாவே, அவளை வைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணைப் பார்த்துக் கத்துக்கோடி" என்றாள். பெற்ற தாய்! அன்றைக்குப் பற்றிய வயிறு இன்னும் அணையவில்லை.

தோல் பிரிவில் இடம் காலியாகத்தான் இருந்தது. படைக்கும் பொடுகுக்கும் யாரும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப மாட்டார்கள், நிம்மதியாக இருக்கலாம் என்று வீட்டில் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னார்கள். எனக்கு வேண்டாம். மார்க், அழகு, உயரம் எல்லாவற்றையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். இந்த ஒரு இடத்தை மட்டும் விடுவதாக இல்லை.

என்னிடம் சாட்சியும் இருந்தது. மடியில் இருந்த லாக் புக். பயிற்சி டாக்டர் ஒவ்வொருவரும் இருபது பிரசவம் பார்த்து, தேதியும் நேரமும் போட்டு அதில் எழுதியாக வேண்டும். அந்தக் குழந்தை என் புத்தகத்தில் இருபதாவது. அவள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கிடைக்காது.

நெட்டை வெளியே வந்தாள். "பயப்படாதடி, நல்லாத்தான் பேசுறாங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். நடிப்பைப் பார்!

உள்ளே போனேன்.

பெரிய டாக்டரம்மா என் லாக் புக்கை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். நெட்டையின் லாக் புக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தத் தேதியில அவ புக்குல ஒண்ணுமே இல்லை. உன் புக்குலதான் இருக்கு. யாரு பார்த்த பிரசவம்மா இது?"

"நான்தான், மேடம்."

சொல்லிவிட்டேன். நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை. அவள் பொய்க்காரி ஆவாள், இடம் எனக்கு வரும். பூனைக்கும் ஒரு காலம் வரத்தானே வேண்டும்?

அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"குழந்தைக்கு எந்தக் கை முதல்ல வந்துச்சு?"

எடுத்தவளுக்குச் சாகும்வரை மறக்காது அது.

வலதா, இடதா? இரண்டில் ஒன்று. குருட்டாம்போக்கில் சொன்னாலும் சரியாக இருந்துவிடலாம்.

லாக் புக்கில் என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு நிமிஷமும் நான் கட்டிலின் தலைமாட்டில், சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தேன். அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன். கை கழுவிவிட்டு வந்த நெட்டை, "உனக்கு ஒண்ணு குறையுதுல்ல? எனக்குத்தான் இருபது தாண்டிடுச்சே, இதை நீ எழுதிக்கோ" என்று பேனாவை நீட்டினாள். எழுதிக்கொண்டேன். அப்புறம் சொல்லிச் சொல்லி, நான்தான் எடுத்தேன் என்று எனக்கே ஆகிவிட்டது. கொடுத்ததை அவள் மறந்தே போயிருப்பாள். அவளுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?

பெரிய டாக்டரம்மா இரண்டு புத்தகங்களையும் மூடி வைத்தார்.

"சரி, அது போகட்டும். உனக்கு ஏன்மா இந்தப் பிரிவு?"

ஒரு வாரம் ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"அவ இதுக்கு ஆசைப்பட்டா, அதான் மேடம்" என்றேன்.