காலியாக இருந்த கட்டம்

"என்னம்மா இது, அவசரத்துக்குக் கூப்பிட உன் நம்பரையே எழுதியிருக்கே? நீ மயங்கி விழுந்தா உன் போனுக்கே அடிச்சு உனக்குத் தகவல் சொல்லணுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபாரம் இரண்டாவது தடவையாகக் கவுண்டருக்கு வெளியே வந்து விழுந்தது.

பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்பு உதவி மையம் என்று ஓர் அறை. வசதியில்லாத பிள்ளைகள், வீட்டுத் துணையில்லாமல் சொந்தக் காலில் நின்று படிக்கிற பிள்ளைகள், இவர்களுக்கு வேலை தேடித் தருவதற்கென்றே வைத்தது. கவுண்டரில் இருக்கிற அம்மாவுக்குப் பிள்ளைகள் சூட்டிய பெயர் கட்டம்மா. ஃபாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வாங்க மாட்டார். துணைவேந்தரே எழுதிக்கொண்டு வந்தாலும் திருப்பித்தான் கொடுப்பார்.

விழுந்த ஃபாரத்தை எடுத்துக்கொண்டாள் அந்தக் கடைசி வருஷப் பெண். பகலில் படிப்பு, சாயங்காலம் சலவைக்கடையில் இஸ்திரி என்று நாலு வருஷம் ஓட்டியவள். ஏழு இன்டர்வியூவில் தோற்று எட்டாவதில் கிடைத்த வேலை இது. ஃபாரம் இந்த மையத்திலிருந்து நாலு மணிக்குள் கம்பெனிக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து இருக்கிறவருக்கு. மணி மூன்றேகால்.

எல்லாம் எழுதியாயிற்று. 'அவசரத்துக்கு யாரை அழைப்பது? பெயர், உறவு, போன்' என்ற கட்டம்தான் இழவெடுத்தது. முதலில் காலியாக விட்டாள், திரும்பி வந்தது. தன் நம்பரை எழுதினாள், அதுவும் வந்துவிட்டது.

ஆனது ஆகட்டும் என்று 'மாமா' என்று எழுதி, வாயில் வந்த ஒரு பெயரையும் கையில் வந்த பத்து எண்களையும் போட்டு நீட்டினாள்.

கட்டம்மா போனை எடுத்தார்.

"எதுக்கு மேடம் போன்?"

"நம்பர் சரியான்னு பார்க்கத்தான்." ஸ்பீக்கரையும் போட்டார். "ஹலோ, உங்க மருமக விஷயமா பேசணும்."

"மருமகளா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்களே!"

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது.

"பொய்யை எழுதிக் கொடுக்கலாமா?" கட்டம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "கம்பெனியில இதே மாதிரி கூப்பிட்டுப் பார்ப்பாங்க. வேலை கைக்கு வந்த அன்னிக்கே போயிடும். உண்மையான ஆள் பேரை எழுது."

"உண்மையா எனக்கு யாருமே இல்ல மேடம்!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இல்லத்துல வளர்ந்தவ நான். அப்பா, அம்மா, மாமா, அத்தை ஒருத்தரும் கிடையாது. போதுமா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. கட்டம்மாவின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? கையெழுத்துப் போட்டிருக்கியா?"

"ம்."

"வெச்சிட்டுப் போ. அடுத்தது யாரு?"

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இந்தம்மாவிடம் ஒரு ஆறுதல் வார்த்தை வாங்க முடியாது என்று திட்டிக்கொண்டே படியிறங்கினாள். வேலை போனது போனதுதான் என்று சலவைக்கடை முதலாளியிடமும் சொல்லிவிட்டாள்.

ஆனால் வேலை போகவில்லை. மறுநாளே 'திங்கட்கிழமை வந்து சேரவும்' என்று கடிதம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை, தானே தேய்த்த சட்டையில் ஒரு சுருக்கமும் இல்லாமல் போய் உட்கார்ந்தாள். ஆள் சேர்க்கும் அதிகாரிக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஃபாரத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"அவசரத்துக்கு உங்க சித்தியைக் கூப்பிடணும். அப்படித்தானே?"

"சித்தியா?"

எட்டிப் பார்த்தாள். அவள் எழுதிய மாமாவை அடித்துவிட்டு, அவளுக்குத் தெரியாத ஒரு பெயர், 'சித்தி' என்ற உறவு, ஒரு நம்பர். எல்லாம் குண்டு குண்டான வேறு யாரோ கையெழுத்தில்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. பொய் எழுதாதே என்று அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டு, தன் வேலை முடிந்தால் சரியென்று அந்தம்மாவே ஒரு பொய்யை எழுதித் தள்ளிவிட்டிருக்கிறதே! ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது.

"நம்பரைச் சரிபார்த்துடுறேன். எங்க வழக்கம்." அதிகாரி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

போச்சு! பிடிபட்டு வெளியே போவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல்.

"சார், வேண்டாம் சார். எனக்குச் சித்தியே..."

சொல்லி முடிப்பதற்குள், முதல் மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ! எந்தப் புள்ளைக்கு என்னப்பா ஆச்சு?"

கவுண்டருக்குப் பின்னால் கேட்ட அதே குரல். ஆனால் இப்போது அது நடுங்கியது.

அதிகாரி சிரித்தார். "பதறாதீங்க சித்தி. எனக்கும் ஒண்ணுமில்ல, தம்பி தங்கச்சிங்களுக்கும் ஒண்ணுமில்ல. இன்னிக்கு ஒரு தங்கச்சி வந்து சேர்ந்திருக்கா. ஃபாரத்துல உங்களைச் சித்தின்னு போட்டவங்க என்னோட சேர்த்து இங்க பத்துப் பேர் ஆயிட்டோம், அதைச் சொல்லத்தான்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. பிறகு குரல் பழையபடி விறைத்துக்கொண்டது.

"சரி சரி. அவ ஃபாரத்துல கட்டம் எதுவும் காலியா இல்லையே?"

அதிகாரி போனை அவள் பக்கம் தள்ளினார்.

"இல்ல சித்தி," என்றாள் அவள். "ஒண்ணுகூட காலியா இல்ல."