உடம்புச் சூடு

“எம்மா கனகா! எதுக்கு இப்ப ஃபேனப் போட்ட?”

பாத்ரூமுக்குள்ளிருந்து முத்துராமலிங்கம் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

“நான் போடலையே மாமா. சுவிட்சுப் பக்கமே போகலை” என்றாள் மருமகள் கனகலட்சுமி.

“அப்ப என்ன, தானாவா ஓடுது?”

தானாகத்தான் ஓடியது. அதுவும் அவர் குளிக்கும்போது மட்டும். கனகலட்சுமி குளித்தால் கம்மென்று கிடக்கும் அந்த எக்ஸாஸ்ட் ஃபேன், மாமனார் உள்ளே போன செத்த நேரத்தில் கொர்ரென்று கிளம்பிவிடும். பட்டாளத்தில் இருக்கும் அவள் புருஷன் போன லீவில் ஆன்லைனில் வாங்கி மாட்டிவிட்டுப் போனது.

முத்துராமலிங்கமும் பட்டாளத்துக்காரர்தான். ரிட்டயர்டு சுபேதார். ராஜபாளையத்தில் போலீஸ், மிலிட்டரி செலக்‌ஷனுக்குப் போகிற பையன்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார். ஓட்டம், தண்டால் எல்லாம் பொறவு. முதல் பாடம் பச்சைத் தண்ணீர்க் குளியல்.

“லடாக்குல பனிக்கட்டிய உடைச்சுக் குளிச்சவன்லே நான்! வெந்நியில குளிக்கிறவன் சட்டையில ஸ்டார் ஏறாது.”

அவர் வீட்டில் கீசர் கிடையாது. கனகலட்சுமி காய்ச்சலில் கிடந்தபோதுகூட, அவள் வெந்நீர் கேட்டதற்கு மன உறுதி பற்றித்தான் பேசினார்.

ஃபேனைப் பார்க்க மம்சாபுரத்திலிருந்து எலெக்ட்ரீஷியன் வேல்பாண்டி வந்தான்.

“ஏலே, நீ நம்மகிட்டப் பயிற்சிக்கு வந்த பையன்தான?”

“ஆமாங்கய்யா. பாதியில அனுப்பிட்டீக.”

“எதுக்கு?”

“சளி புடிச்சிருந்துச்சு. எங்கம்மா வெந்நி வச்சுக் குடுத்தா. அது உங்க காதுக்கு வந்துருச்சு.”

“அப்ப சரியாத்தான் அனுப்பிருக்கேன்” என்றார் முத்துராமலிங்கம், கொஞ்சமும் யோசிக்காமல்.

வேல்பாண்டி ஸ்டூல் போட்டு ஏறினான். சுவிட்சில் கோளாறு இல்லை. வயரும் நன்றாகத்தான் இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தவன் தனக்குள் சிரித்துக்கொண்டே இறங்கி, நேராக அடுப்படிக்குப் போனான்.

“அக்கா, அதுல ஒரு சென்சார் இருக்கு. பாத்ரூம்ல ஆவி கட்டுனாத் தானா ஓடும். வெந்நியில குளிக்கிறது யாரு?”

கனகலட்சுமி ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மெதுவாப் பேசு தம்பி. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு. போன மாசம் மாமாவுக்கு மூச்சு இழுத்து ஆஸ்பத்திரியில கிடந்தாக. பச்சைத் தண்ணி ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவிய கேப்பாகளா? வாளியில நான்தான தண்ணி புடிச்சு வைக்கேன். கொதிக்கக் கொதிக்க வெந்நியக் கலந்து வச்சிருவேன்.”

“அவருக்குத் தெரியாதாக்கா?”

“எங்கிட்டயே சொல்லுதாக, ‘பாத்தியா கனகா, பழகிட்டாப் பச்சைத் தண்ணியே வெதுவெதுன்னு இருக்கு’ன்னு!”

வேல்பாண்டிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அன்றைக்கு மைதானத்தில் எல்லார் முன்னாலும் அவர் சொன்ன வார்த்தை இன்னும் ஆறவில்லை. ‘வெந்நிக்காரனுக்கு எதுக்குலே யூனிபாரம்?’

அவன் ஹாலுக்கு வந்தான். மறுநாள் செலக்‌ஷனுக்குப் போகிற பையன்கள் அவரிடம் சொல்லிக்கொண்டு போக வந்து வரிசையாக நின்றார்கள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“என்னலே, கண்டுபிடிச்சியா?”

“கண்டுபிடிச்சிட்டேங்கய்யா. சென்சார் வச்ச ஃபேனு. சூடு பட்டாத் தானா ஓடும்.”

“சூடா? நான் குளிக்கிற பச்சைத் தண்ணியில ஏதுலே சூடு?”

பையன்கள் அத்தனை பேரும் வேல்பாண்டியைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். அடுப்படி வாசலில் கனகலட்சுமி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றாள்.

அவனுக்கு அவன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

“தண்ணி இல்லைங்கய்யா” என்றான். “உங்க உடம்புச் சூடுதான்.”

முத்துராமலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு பையன்கள் பக்கம் திரும்பினார்.

“கேட்டியளாலே? நான் சொன்னா நம்ப மாட்டிய. இப்ப மிஷினே சொல்லுது!”

ஒருவன் கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். இன்னொருவன் ஃபேனைப் போட்டோ எடுக்கப் பாத்ரூமுக்கே போய்விட்டான். பச்சைத் தண்ணீரின் மகிமை பற்றி அவர் இன்னும் கொஞ்சம் பேசி அவர்களை அனுப்பிவைத்தார்.

வேல்பாண்டி பைக்கை எடுக்கும்போது முத்துராமலிங்கம் வாசல் கேட் வரை கூடவே வந்தார். தோளில் கை போட்டார்.

“ஏலே, சாயங்காலம் வந்து அந்தச் சென்சார மட்டும் கழட்டிப் போட்டுரு.”

“எதுக்குங்கய்யா? நல்லாத்தான வேலை செய்யுது?”

அவர் அடுப்படி ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு காதோரம் குனிந்து சொன்னார்:

“அது ஓடுதுன்னு பயந்துக்கிட்டு, நேத்து கனகா வெந்நியப் பாதியாக் கொறைச்சிட்டாலே. குளிர் தாங்கலை!”