சம்பந்தி ஒப்பந்தம்

"அஞ்சு நாடு மட்டும் அணுகுண்டு வெச்சுக்கலாம், நாம வெச்சுக்கக் கூடாதா? அந்த அணுகுண்டுத் தடை ஒப்பந்தத்துல நாம எதுக்கு சார் கையெழுத்துப் போடணும்?"

கணவர் லாசரஸ் இப்படிக் கேட்டதும், காபித் தட்டோடு வந்த சரோஜினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததிலிருந்து "பாவம், மகா பாவம்" என்று புலம்பித் தீர்த்த மனிதர் இவர். சேலையூரே இனிப்பு வழங்கியபோது வாசல் கதவைச் சாத்திக்கொண்டவர்.

மகள் தபீதாள் விரும்பிய பையனின் அப்பா ஜெபராஜும் அம்மா ஹில்டாவும் குரோம்பேட்டையிலிருந்து முதல் தடவையாகப் பேச வந்திருக்கிறார்கள். இன்றைக்குப் பார்த்தா மனிதருக்குப் புத்தி மாற வேண்டும்?

"குடிக்கத் தண்ணி இல்லாத ஊருக்குக் குண்டு எதுக்கு சார்?" என்றார் ஜெபராஜ். "பேசாம கையெழுத்துப் போட்டுடலாம்."

அட, நம்ம வீட்டு மனிதர் தினமும் சொல்வதை அப்படியே சொல்கிறாரே! சரோஜினிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. லாசரஸ் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

"குண்டு இருந்தாத்தான் சார் நாலு நாடு மதிக்கும். யார் மேலயும் நாமளா முதல்ல போட மாட்டோம்னுதான் சொல்லிட்டோமே!" என்ற லாசரஸ், பாராட்டை எதிர்பார்ப்பவர் போல ஜெபராஜின் முகத்தையே பார்த்தார்.

ஜெபராஜுக்கு வியர்த்தது. "கோபம் வந்தா அதெல்லாம் யாருக்கு சார் ஞாபகம் இருக்கும்?"

பேச்சு தடித்தது. குரல் ஏறியது. கடைசியில் ஜெபராஜ் எழுந்தே விட்டார். "என்ன சொன்னாலும் மறுத்துப் பேசுறீங்களே! இந்த வீட்டுல எப்படி சார் சம்பந்தம் பண்றது?"

சரோஜினி பதறிப்போய் ஹில்டாவைச் சமையலறைக்குள் இழுத்தாள். "மன்னிச்சுக்குங்க அக்கா. குண்டுன்னாலே ஆகாதவரு. இன்னைக்கு ஏன் இப்படிப் பேசுறார்னு சத்தியமா எனக்குப் புரியல."

ஹில்டா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! குண்டு வெடிச்ச அன்னைக்கு எங்க தெரு பூரா லட்டு குடுத்ததே எங்க வீட்டுக்காரர்தாங்க! 'பொண்ணோட அப்பாவுக்குக் குண்டு ஆகாது, ஒத்துப் பேசுங்க'ன்னு பையன்தான் காலைல சத்தியம் வாங்கிக் கூட்டிட்டு வந்தான்."

அடுப்பு மூலையில் தபீதாள் விசும்பினாள்.

"அவங்கப்பாவுக்குக் குண்டுன்னா உயிருன்னு, நானும் நம்ம அப்பாகிட்ட அதே சத்தியத்தைத்தாம்மா வாங்கினேன்!"