வளைவில் பொறிக்க ஒரு பெயர்

ஊர் முகப்பில் நினைவு வளைவு எழும்பிவிட்டது. வெள்ளைக்காரத் துரையை வெட்டிவிட்டு அந்தமான் போன தியாகி சிவனாண்டி என்று அதில் பொறிக்க வேண்டும். துரையின் பெயர்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைத் தேடித்தான் சிவனாண்டியின் வம்சத்தில் வந்த கயல்விழி, சென்னை ஆவணக் காப்பகத்தில் விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு செய்தி கிடைத்தது. தாது வருஷப் பஞ்சத்தில், ஒளித்து வைத்திருந்த விதைநெல்லைக் குத்திக் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிய மனைவியை, சிவனாண்டி உலக்கையால் அடித்தே கொன்றிருக்கிறான். அதற்குத்தான் அந்தமான். குழந்தை மட்டும் பிழைத்துக்கொண்டது. செய்தியில் எந்தத் துரையும் சாகவில்லை. மனைவியின் பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடந்தது. கயல்விழி அதை இரண்டு மூன்று விதமாக முணுமுணுத்துப் பார்த்தாள். உடையாள். வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டிராத பெயர்.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தாள். உடையாள் பெயரையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"பஞ்ச காலம்மா. அவருக்கு என்ன கஷ்டமோ," என்றார் அப்பா. "அதை விடு. அந்தப் பேப்பர்ல வெள்ளைக்காரன் பேரு எதுவும் இருக்கா?"

"இருக்கு. தண்டனை குடுத்த ஜட்ஜ் பேரு."

"அவனை வெட்டுனதாப் போட்டுக்கலாம். பேரைச் சொல்லு, கல்லு கொத்துறவர் காத்துக்கிட்டிருக்காரு."



"உடையாள்னு கொத்தச் சொல்லுங்கப்பா."

"அது யாரும்மா?" என்றார் அப்பா.