வணங்க வராத முயல்

வகுப்பறையில் கைதட்டல் நிற்கவில்லை.

கயிற்றில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் ஃபிக்ரெதா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். முயல் பொம்மை ஸேகோ இன்னும் அவள் வலது கையில்தான் இருந்தது.

கதை முடிந்துவிட்டது. அரைமணி நேரம் பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்திருந்தார்கள். பிறகு மஞ்சள் நாடா கட்டிய வயலுக்குள் பந்தை எடுக்கப் போனது ஸேகோ. பக்கத்தில் இருந்த யாசென்கோ வெடிச்சத்தத்துக்காகத் தகரத்தை ஓங்கி அடித்தார். ஸேகோ விழுந்தது. நாடாவைத் தாண்டாதே, கண்ணிவெடி இருக்கும் என்று நரி சொன்னது, முள்ளெலி சொன்னது, பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்.

இனி பொம்மைகள் மேலே வந்து வணங்க வேண்டும்.

போஸ்னியாவில் எந்த ஊர்ப் பொம்மலாட்டத்திலும் அதுதான் வழக்கம். ஓநாய் தின்ற ஆடும் வரும், தின்ற ஓநாயும் வரும். இரண்டும் ஒட்டி நின்று தலை குனியும்.

நரி வணங்கியது. முள்ளெலி வணங்கியது.

"ஸேகோ! ஸேகோ!" கைகள் ஒரே தாளத்தில் தட்டின.

யாசென்கோ முழங்கையால் அவளை இடித்தார். டுஸ்லா நகரத்திலிருந்து வந்து புதிதாகக் குழுவில் சேர்ந்தவர். அவளோடு அவருக்கு இதுதான் முதல் ஆட்டம்.

"எழுப்பும்மா. ஒரு தடவை தலையக் காட்டினா உன் கை தேஞ்சா போயிடும்?"

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள்.

"அடேயப்பா, முயலுக்கு இவ்வளவு ரோஷமா!"

ஃபிக்ரெதா கையை உருவிக்கொண்டாள். ஸேகோ அவள் மடியில் வெறும் துணியாகச் சரிந்தது.

முன்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அது பின்வரிசை வரை பரவியது.

நஸிஹா டீச்சர் போர்வையின் ஓரத்தை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"சிரிக்க வைப்பீங்கன்னுதானே கூப்பிட்டோம்? சண்டை நடந்தப்போ இதுங்க அழுதது போதாதா? எழுப்பி விடுங்க, புண்ணியமாப் போகும்."

ஃபிக்ரெதா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே, விளையாட்டுத் திடல் முடிகிற இடத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் தொடங்கின. அவற்றுக்கு அப்பால் பிளம் மரங்கள் பூத்துக் குலுங்கின. போர் முடிந்து இது இரண்டாவது வசந்தம்.

போர்வைக்கு அடியில் ஒரு சிறுமி புகுந்து வந்தாள். முன்பல் இரண்டும் இல்லை. மடியில் கிடந்த முயலைப் பார்த்தாள்.

"அத்தை, சும்மாதானே? உள்ள கைய விட்டா எழுந்துக்கும்ல?"

கையை நீட்டினாள். ஃபிக்ரெதா அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்துக்காது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் எழுந்துக்காது, கண்ணு."

சிறுமியின் உதடு கோணியது. கையை விடுவித்துக்கொண்டு, வந்த வழியே ஊர்ந்து போனாள். போர்வைக்கு அந்தப் பக்கம் அவள் வாய்விட்டு அழுவது கேட்டது.

யாசென்கோ முணுமுணுத்தார். "கல்நெஞ்சுக்காரிம்மா நீ."

இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அழுத பிள்ளைகளில் ஒன்றாவது அந்தப் பலகையருகே போகும்போது இந்தத் துணியை நினைத்துக்கொண்டால் போதும்.

அழுகைக்கு நடுவே யாரோ மறுபடி தட்டத் தொடங்கினார்கள். ஒருவர், இருவர், பிறகு எல்லாரும். பொறுமையாக, நம்பிக்கையோடு.

போன வசந்தத்தில் அவளுடைய ஊர்ப் பள்ளியில் இதே ஆட்டத்தைப் போட்டபோதும் பிள்ளைகள் இப்படித்தான் தட்டினார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஸேகோவை எழுப்பி மூன்று முறை வணங்க வைத்தாள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது அவள் மகள் மெலிஹா.

பிளம் பழுத்த மாதத்தில் மெலிஹா இரண்டு தோழிகளோடு ஆற்றோரத் தோட்டத்துக்குப் போனாள். வெடிச்சத்தம் கேட்டும், எந்தப் பக்கம் என்று ஊருக்குத் தெரியவில்லை. தப்பிய இரண்டு பேரும் ஓடி வந்து யாரையும் கூப்பிடவில்லை.

தேடிப் போனவர்கள் பார்த்தபோது, அந்தத் தோழிகள் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.