வேதமாணிக்கத்தின் மகன்

கல்லறை சுத்தமாக இருந்தது.

அதுதான் அவளை முதலில் உறுத்தியது.

மலேசியாவில், தைப்பிங் நகரின் அந்தப் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் மற்றவை எல்லாம் புல்லுக்குள் முங்கிக் கிடந்தன. சில சிலுவைகள் சாய்ந்திருந்தன. இது மட்டும் வெள்ளையடித்து, தலைமாட்டில் ஒரு ஜாடி நிறைய ஆர்க்கிட் பூக்களோடு இருந்தது.

பூக்கள் இன்னும் வாடவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து கடல் தாண்டி வந்திருந்தாள். இந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் எத்தனை சபைகளுக்கு மின்னஞ்சல், எத்தனை பேரிடம் கெஞ்சல். கடைசியில் தோட்டத்துக் காவல்காரர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். கல்லின் மேல்பாதி மட்டும் அதில் விழுந்திருந்தது.

வேதமாணிக்கம்.

அவளுடைய அப்பாவைப் பெற்றவர்.

அந்தப் பெயரைப் பார்த்து அழுதிருக்கிறாள். புதர் மண்டிய, யாரும் எட்டிப்பார்க்காத ஒரு குழியை மனதில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள். அவரைத் தேடி வருகிற முதல் ஆள் தானாக இருக்கும் என்று.

யாரோ முந்திக்கொண்டுவிட்டார்கள்.

குனிந்து கீழ்ப்பாதியைப் படித்தாள்.

இறப்பு 1968.

மறுபடி படித்தாள்.

அப்பாவின் ஐந்தாம் வயதில் மலாயாவுக்குக் கப்பலேறியவர். நாற்பதுகளில், ஜப்பான்காரன் காலத்தில், சயாமில் ரயில் பாதை போட்ட இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். அப்பா அதை நம்பினார். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். தன் கல்யாணத்தன்று தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் பெரியப்பாவை நிறுத்திக்கொண்டார்.

அன்று இந்த மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார். காப்பி குடித்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, இங்கே எங்கோ.

அதற்கும் கீழே ஒரு வரி.

அன்பு மகன் சுவிசேஷமுத்து எழுப்பியது.

அது அவளுடைய அப்பாவின் பெயர்.

அப்பா இங்கே வந்தாரா? மதராஸைத் தாண்டி எங்கும் போகாதவர் அவர்.

பிறகு புரிந்தது. இது வேறொரு மகன். இங்கே பெற்ற மகன். ஊரில் விட்டுவந்தவனின் பெயரையே எடுத்து இவனுக்கும் வைத்திருக்கிறார்.

பெயரைக்கூடவா?

அந்த வெள்ளைக் கல்லை எட்டி உதைக்கலாம்போல் இருந்தது. ஜாடியிலிருந்த பூக்களை மொத்தமாகப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகு எங்கே போடுவதென்று தெரியவில்லை.

"அது நான் வெச்ச பூவுங்க."

பின்னால், தண்ணீர் வாளியோடு ஒரு பெண். அவளைவிடக் கொஞ்சம் இளையவள். முகத்தில் அப்படியே அப்பாவின் மூக்கு. மகளான அவளுக்கே கிடைக்காத மூக்கு.

"இவரு எங்கப்பாவப் பெத்தவரு" என்றாள். குரல் சண்டைக்குப் போவதுபோல் வந்தது. "பாளையங்கோட்டைல இருந்து வாரேன்."

வாளி மெல்லத் தரைக்கு இறங்கியது.

"ஊரு முத்துவோட மகளா நீங்க?"

அப்பாவை முத்து என்று சொல்ல இவள் யார்?

"நான் பெனிட்டா. தாத்தாவோட பேத்தி."

எவ்வளவு சுலபமாக வருகிறது அந்தத் தாத்தா என்ற சொல். இந்த மனிதரைப் பார்த்து ஒரு தடவை அப்படிக் கூப்பிட அவளுக்கு வாய்க்கவில்லை.

"உங்கப்பாவுக்கு எல்லாம் கெடச்சிருக்கு" என்றாள். "எங்கப்பா பேரையும் சேத்து."

பெனிட்டா கோபப்படவில்லை. கல்லின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பேரால எங்கப்பா பட்டது உங்களுக்குத் தெரியாதுக்கா. தாத்தா முத்து முத்துன்னு கூப்பிடுவாராம். எங்கப்பா ஓடிப்போய் முன்னால நிப்பாரு. 'நீ இல்லடா'ம்பாராம். சாகப்போற நேரத்துலயும் அதே கதைதான். எங்கப்பா போய் அவரு கையைப் புடிச்சாரு. தாத்தா உதறிட்டாரு. 'ஊர்ல இருக்கானே, அவன்'னாரு."

அவளுக்குள் ஏதோ துள்ளியது.

சந்தோஷம்தான். அசிங்கமான, நாக்கில் தித்திக்கிற சந்தோஷம். அப்பாவிடம் சொல்லவேண்டும். இப்போதே ஃபோன் போடவேண்டும். அப்பா, உங்களைத்தான் கூப்பிட்டாராம், அவனை இல்லையாம்.

கை பைக்குள் போன பிறகுதான் நினைவு வந்தது. அப்பாவைப் போன வருடம் அடக்கம் செய்தாயிற்று.

"இந்தக் கல்லு வெச்சது எங்கப்பா. வருசா வருசம் வெள்ளையடிச்சதும் அவருதான்" என்றாள் பெனிட்டா. "ஆனா கடைசிவரைக்கும் உங்கப்பாவ நெனச்சு நெனச்சுப் பொறாமை. மொகங்கூட பாக்காத ஆளு மேல."

கையிலிருந்த பூக்களை அவள் திரும்ப ஜாடிக்குள் வைத்தாள். ஒன்றின் காம்பு ஒடிந்துபோயிருந்தது.

"உங்கப்பா எங்க?"

பெனிட்டா கையை நீட்டினாள். தோட்டத்தின் மறுகோடி. மதிலை ஒட்டி ஒரு சின்னக் கல்.

"தாத்தா பக்கத்துலயே எடம் இருந்துச்சுக்கா. வேணான்னுட்டாரு."

வேதமாணிக்கத்தின் இடப்பக்கம், ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் புல் கிடந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்த மதிலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"அக்கா, தாத்தாவக் கழுவிட்டு வந்துடறேன். ஒரு நிமிசம்."

"அவரு கெடக்கட்டும்" என்றாள், திரும்பாமல். "நீ வா."