ஊதாத விசில்

பல் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். போன வாரம் விளையாட்டு டீச்சரின் மேல் கடைவாய்ப் பல்லை அவர் பிடுங்கியபோது இந்தப் படம் கவரை விட்டே வெளியே வரவில்லை. எதிரே நிற்கும் அவள் அதை மறக்கவில்லை. “கன்னத்து எலும்புக்குள்ள மூக்கோட சேர்ந்த ஒரு காத்து அறை இருக்கு டீச்சர். உங்க பல்லோட வேர் அதோட தரையைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. நடுவுல எலும்பு வெங்காயத்தோல் கனம்தான், பல்லோட பேந்துருச்சு. சிலருக்கு அப்படி அமைஞ்சிடும்.” அவருடைய பேனா முனை படத்தில் அந்த வேரைச் சாவகாசமாகச் சுற்றி வருகிறது. அவர் குடிக்கச் சொன்ன தண்ணீர் அவள் மூக்கு வழியாக இறங்கி மேலுதட்டில் தொங்குகிறது. பார்க்கட்டும் என்று அவள் துடைக்காமல் நிற்கிறாள். “இப்பதான் பாக்குறீங்களா? கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?” அவர் படத்தை இறக்காமலே சிரிக்கிறார். “சின்ன ஓட்டைதானே டீச்சர், ரெண்டு தையல் போட்டா மூடிக்கும். இதுக்குப் போயி இவ்வளவு கோவமா?” அவளுக்குக் காது மடல் வரை சுடுகிறது. கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்துப் பல்லில் கடிக்கிறாள். மைதானம் முழுக்க ஓடும் பிள்ளைகளைக் குத்துக்கல்லாக நிறுத்துகிற விசில் அது. கன்னம் உப்ப, இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் கூட்டி ஊதுகிறாள். விசிலுக்குள் உருண்டை அசையக்கூட இல்லை. காற்று மூக்கு வழியாகப் புஸ்ஸென்று சீறி, ரத்தம் கலந்த தண்ணீர் அவர் பிடித்திருக்கும் படத்தின் மேல் தெறிக்கிறது. அவர் சிரிப்பு நிற்கிறது. “சொல்லுங்க டாக்டர்,” என்கிறாள் அவள், “சின்ன ஓட்டைதானே?”